செவிப்பறை ஒட்டுக்கான பாலிமருக்கு உயிரிணக்கச் சோதனை: சிங்கப்பூர் ஒப்பந்த ஆய்வகச் சேவை ஒன்றின் மதிப்புரை

பாலிமர் வட்டுகளைத் திரவத்தில் ஊறவைத்து, சோதனைக்கான பத்து மில்லிலிட்டர் சாறு எடுக்க 47 வட்டுகளா, 685 வட்டுகளா? இந்தச் சேவையின் விலைப்பட்டியலில் இந்தக் கேள்வி இல்லை. ஆனால் பணம் கட்டுவதற்கு முன் பதில் வாங்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

செவிப்பறையில் விழுந்த துளையை மூடும் பாலிமர் வட்டு, ஏறத்தாழ 9 மி.மீ. விட்டமும் 0.1 மி.மீ. தடிமனும் கொண்டது. உண்மைச் செவிப்பறையின் அளவும் அதை ஒட்டியதே. இரு பக்கமும் சேர்த்தால் பரப்பு 1.27 சதுர செ.மீ. அரை மில்லிமீட்டரைவிட மெல்லிய பொருளுக்கு ஒரு மில்லிலிட்டர் திரவத்துக்கு 6 சதுர செ.மீ. என்று ஐஎஸ்ஓ 10993-12 (மருத்துவச் சாதனங்களின் உயிரிணக்கத்துக்கான பன்னாட்டுத் தர வரிசையில் ஒரு பகுதி) விகிதம் வகுத்திருக்கிறது. 10 மி.லி. சாற்றுக்கு 60 சதுர செ.மீ.; அதாவது 47 வட்டுகள். அதே வட்டை மின்நூற்பு முறையில் (பாலிமர் கரைசலை மின்னழுத்தத்தால் நுண்ணிழையாக இழுக்கும் முறை) பாலிகேப்ரோலாக்டோன் என்ற பாலிமர் இழைகளால் செய்திருந்தால், ஆய்வகம் அதை 'அடர்த்தி குறைந்த நுண்துளைப் பொருள்' என்று வகைப்படுத்த இடமுண்டு. அப்போது விகிதம் மில்லிலிட்டருக்கு 0.1 கிராம். நூறில் எண்பது பங்கு காற்றாக உள்ள அந்த வட்டின் எடை ஒன்றரை மில்லிகிராம்கூட இல்லை. கணக்குப் போட்டால் 685 வட்டுகள். ஒரே பொருள், ஒரே சோதனை; வகைப்பாட்டில் ஒரு சொல் மாறினால் செய்ய வேண்டிய வட்டுகள் 14 மடங்குக்கு மேல் கூடுகின்றன.

மருத்துவச் சாதனங்களுக்கு உயிரிணக்கச் சோதனை, அதாவது உடலுக்குக் கெடுதல் செய்யாதா என்ற சோதனை, செய்து தரும் ஒப்பந்த ஆய்வகம் ஒன்றின் சேவையைப் பற்றியது இந்த மதிப்புரை. சிங்கப்பூரின் ஒன் நார்த் ஆய்வு வட்டாரத்துச் சிறு குழுக்கள் நாடுகிற வகையான ஆய்வகம். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறோம். அனுப்பிய பொருள்கள் இரண்டு: மின்நூற்பு பாலிகேப்ரோலாக்டோன் வட்டு, வார்த்தெடுத்த சிலிக்கோன் வட்டு. வாங்கியது, 'திசுவைத் தொடும் பதியம் (உடலுக்குள் வைக்கும் பொருள்), 30 நாளுக்கு மேல்' என்ற வகைக்கு அவர்கள் வைத்திருக்கும் முழுத் தொகுப்பு: உயிரணு நச்சுத்தன்மை, ஒவ்வாமைத் தூண்டல், தோலுக்குள் எரிச்சல், உடல் முழுவதற்குமான நச்சுத்தன்மை, காய்ச்சல் தூண்டல், மரபணு நச்சுத்தன்மை, எலியின் தோலடியில் பதிய வைத்தல், வேதிக் கூறாய்வு.

ஆய்வகக் கைவேலை முதல் தரம். செய்யச் சொன்னதைப் பிசகாமல் செய்கிறார்கள், செய்ததை மறைக்காமல் எழுதித் தருகிறார்கள். ஆனால் அந்தத் தொகுப்பு காதுக்காக வகுத்ததல்ல. வயிற்றுச் சுவரில் தைக்கும் வலைக்கும் செவிப்பறையில் வைக்கும் வட்டுக்கும் ஒரே பட்டியலை நீட்டுகிறார்கள். எங்கே மாற்ற வேண்டும் என்று தெரிந்து போகிறவர்களுக்கு இது நல்ல இடம். தெரியாமல் போனால் எல்லாக் கட்டத்திலும் 'தேர்ச்சி' என்று முத்திரை விழுந்த அறிக்கை கைக்கு வரும். காதுக்கு அது ஆகுமா என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

வட்டுக் கணக்குக்கே திரும்புவோம். எங்கள் பரிந்துரை: பரப்பளவு விகிதத்தையே கேளுங்கள், காரணத்தை எழுத்தில் கொடுங்கள். காரணம் வலுவானது. இழையின் விட்டம் 1 மைக்ரோமீட்டர் என்று வைத்தால், கண்ணுக்கு 1.27 சதுர செ.மீ. தெரியும் வட்டில் இழைகளின் உண்மைப் பரப்பு சுமார் 50 சதுர செ.மீ. திரவம் உள்ளே புகுந்துவிட்டால் 47 வட்டுகளே ஏற்கெனவே கடுமையான சோதனைதான். ஆய்வு இயக்குநர் இந்த வாதத்தை ஏற்று, சோதனைத் திட்டத்தில் ஒரு பத்தியாகவே சேர்த்துக்கொண்டார். வட்டுக்குப் பதிலாக 5 செ.மீ.க்கு 6 செ.மீ. விரிப்பு ஒன்றை அனுப்பலாமா என்றால், அனுப்பலாம். இரு பக்கமும் சேர்த்துச் சரியாக 60 சதுர செ.மீ. வரும். ஆனால் விற்கப்போகும் வட்டு லேசரால் வெட்டப்படுகிறது என்றால், வெட்டு விளிம்பில் கருகிய பாலிமரும் சாற்றுக்குள் வர வேண்டும். விரிப்பில் அது வராது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். சோதனைக்குப் போவது முடித்த பொருளாக, வெட்டி, பொதிந்து, கிருமி நீக்கிய பொருளாக இருக்க வேண்டும்.

'திரவம் உள்ளே புகுந்துவிட்டால்' என்றோம். அங்கேதான் சிக்கல். பாலிகேப்ரோலாக்டோன் இழை நீரை ஒட்டவிடாது. சோதனைக் குழாயில் வளர்ப்பு ஊடகத்தை ஊற்றி வட்டுகளைப் போட்டால் அவை மேலே மிதக்கும். ஒவ்வொன்றின் வயிற்றிலும் காற்று. மூழ்கியவையும் அப்பளக் கட்டு மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். வெளியிலிருக்கும் இரண்டு முகங்கள் மட்டுமே திரவத்தைத் தொடும், நடுவில் உள்ளவை உலர்ந்தே கிடக்கும். 24 மணி நேரம் கழித்து எடுக்கும் சாறு ஏறக்குறைய வெறும் ஊடகம்தான். அதில் உயிரணுக்கள் செழித்து வளரும், அறிக்கையில் 'நச்சு இல்லை' என்று வரும். இந்த ஆய்வகம் அதைக் கவனித்தது. முதல் குழாயின் படத்தை அனுப்பி, என்ன செய்யலாம் என்று கேட்டது. மெல்லிய வெற்றிடத்தில் காற்றை உறிஞ்சி எடுத்து, வட்டுகளுக்கு இடையே டெஃப்லான் வலைத் துண்டுகளைச் செருகி, குழாயைப் படுக்கவைத்து மெதுவாக உருட்டியபடி சாறெடுக்க ஏற்பாடாயிற்று. எத்தனாலில் நனைத்து எடுத்தால் எளிதாக மூழ்கும் என்று ஒரு யோசனையும் வந்தது. அதை மறுத்தது சரி. இழை நூற்கப் பயன்படுத்திய கரைப்பானில் எஞ்சியிருப்பதை எத்தனால் முன்கூட்டியே கழுவிவிடும். சோதிக்க வேண்டியதே அந்த எச்சத்தைத்தான்.

நுண்துளைப் பொருள் திரவத்தைக் குடிக்கும் அளவையும் முன்னதாக அளந்து, அந்த அளவை மேலதிகமாக ஊற்ற வேண்டும். இதை அவர்கள் கேட்காமலேயே செய்தார்கள்.

வெப்பநிலையில் மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது. உயிரணுச் சோதனைக்கு 37 டிகிரி செல்சியஸ், 24 மணி நேரம். அதில் தகராறு இல்லை. மற்றச் சோதனைகளுக்கு ஐஎஸ்ஓ தரும் தெரிவுகள்: 37 டிகிரியில் 72 மணி, 50 டிகிரியில் 72 மணி, 70 டிகிரியில் 24 மணி, 121 டிகிரியில் 1 மணி. ஆய்வகத்தின் வழக்கமான தெரிவு 50 டிகிரி. பாலிகேப்ரோலாக்டோன் 60 டிகிரியை ஒட்டி உருகும்; 50 டிகிரியிலேயே இழைகள் இளகி ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும், பரப்பு சுருங்கும். பிஎல்ஜிஏ (உடலில் சிதையும் இன்னொரு பாலிமர்) என்றால் அதன் விறைப்பு தளரும் கண்ணாடி நிலை மாற்றமே 45 முதல் 50 டிகிரியில்; வட்டு சுருண்டுவிடும். இந்த இரண்டுக்கும் 37 டிகிரியில் 72 மணி என்று திட்டத்தில் பெயர் குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். சிலிக்கோனுக்கு இந்தக் கவலை இல்லை, 70 டிகிரிகூடத் தாங்கும்.

உயிரணுச் சோதனை எம்டிடி முறை: உயிருள்ள அணுக்கள் எம்டிடி என்ற சாயத்தை ஊதாவாக மாற்றும். எல்929 என்ற சுண்டெலி நார்த்திசு அணுக்கள், 96 குழித் தட்டு, ஒரு குழிக்கு 10,000 அணுக்கள். ஒரு நாள் ஒட்டி வளர விட்டு, மறுநாள் சாற்றை ஊற்றி 24 மணி நேரம் வைப்பார்கள். பிறகு எம்டிடி கரைசல் 2 மணி நேரம்; ஊதாப் படிகங்களை ஐசோபுரோப்பனாலில் கரைத்து 570 நானோமீட்டரில் அளப்பார்கள். உயிர்ப்பு 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால் நச்சு. கூடவே பார்க்க வேண்டியவை இரண்டு: தட்டின் இடது, வலது வெற்றுக் குழி வரிசைகள் சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக்கூடாது, பாதியாக நீர்த்த சாற்றில் உயிர்ப்பு முழுச் சாற்றைவிடக் குறையக்கூடாது. குறைந்தால் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். அறிக்கையின் பின்னிணைப்பில் ஒவ்வொரு குழியின் எண்ணும் இருந்தது. இதைப் பாராட்டியே ஆக வேண்டும். சராசரியை மட்டும் தந்துவிட்டுப் போனால் மேற்சொன்ன இரண்டையும் சரிபார்க்க வழியில்லை.

மின்நூற்பு வட்டு முதல் முறை தோற்றது. காரணம் பாலிமர் அல்ல, கரைப்பான். ஹெக்சாஃப்ளூரோ ஐசோபுரோப்பனால், குளோரோஃபார்ம், டைமெத்தில் ஃபார்மமைடு ஆகியவற்றில் கரைத்துத்தான் பெரும்பாலும் நூற்கிறார்கள். இழை காய்ந்தது போலத் தோன்றும், உள்ளே எச்சம் இருக்கும். வெற்றிட அடுப்பில் 40 டிகிரியை மீறாமல் நாள்கணக்கில் வைத்து, வாயு நிறப்பகுப்பில் எச்சத்தை அளந்த பிறகே ஆய்வகத்துக்கு அனுப்புவது நல்லது. அந்த அளவீட்டுக்கு ஆகும் செலவு, தோற்ற எம்டிடியைத் திரும்பச் செய்யும் செலவின் முன்னே ஒன்றுமில்லை.

சிதையும் பாலிமர்களில் இன்னொரு பொறி இருக்கிறது. பிஎல்ஜிஏ, பாலிகிளிசரால் செபாகேட் இரண்டும் சிதையும்போது அமிலம் விடும். ஊடகத்தின் சிவப்பு மஞ்சளாக மாறியிருந்தால் அணுக்கள் செத்தது அமிலத்தாலேயே இருக்கலாம், வேறு நச்சால்தான் என்று சொல்ல முடியாது. உடனே காரத்தை விட்டுச் சரிக்கட்டிவிடலாம் என்று கை துடிக்கும். காரணம் எழுதாமல் சாற்றின் அமிலநிலையைத் திருத்தக்கூடாது. திருத்தாத சாறு ஒன்று, திருத்திய சாறு ஒன்று என இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டச் சொல்லுங்கள். இதற்கு ஆய்வகம் கூடுதல் கட்டணம் கேட்டது, கொடுக்கலாம்.

இந்தச் சோதனையில் ஒப்பீட்டுக்கு வைக்கும் பொருள்களையும் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். நச்சுள்ள ஒப்பீடு, துத்தநாக டைஎத்தில்டைதயோகார்பமேட் கலந்த பாலியூரித்தேன் படலம். நச்சில்லாத ஒப்பீடு, அடர் பாலிஎத்திலீன். அதாவது 'இது யாருக்கும் கெடுதல் செய்யாது' என்பதற்கு அளவுகோலே பாலிஎத்திலீன்தான். அதே அடர் பாலிஎத்திலீனை நுண்துளை வடிவில் செய்து, 1970களில் கேட்புச் சிற்றெலும்புகளுக்கு மாற்றாக நடுக்காதில் வைத்தார்கள். செவிப்பறையை நேரே தொட்ட இடங்களில் அது மெல்ல மெல்லப் பறையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. பிறகு அறுவை மருத்துவர்கள் இடையில் குருத்தெலும்புச் சீவல் ஒன்றை வைக்கப் பழகினார்கள். எல்929 அணுக்களுக்கு அருமையான பொருளைச் செவிப்பறை வெளியே தள்ளிவிட்டது. உயிரணுச் சோதனையில் தேறுவது காதின் வாசலில் நுழையும் சீட்டு, அவ்வளவுதான்.

செவிப்பறையின் வெளிமுகம் தோல், உள்முகம் சளிச்சவ்வு, நடுவில் நார் அடுக்கு. வெளித்தோல் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒட்டு அந்த நகர்வைத் தடுத்தாலும், தோலை உள்பக்கம் இழுத்துவிட்டாலும் கொலஸ்டியட்டோமா, அதாவது நடுக்காதில் தோல் செதில் திரளும் கட்டி, உருவாகலாம். அது எலும்பை அரிக்கும். நார்த்திசு அணுக்களை மட்டும் வைத்து இதை எப்படிக் கண்டுபிடிப்பது? மனிதத் தோல் அணுக்களை வட்டின் ஒரு முகத்தில் வளர்த்து, அவை துளைகளுக்குள் இறங்குகின்றனவா என்று பார்க்கும் சோதனையைக் கூடுதலாகக் கேட்டோம். ஆய்வகத்தில் அணுக்கள் இருந்தன, எழுதி வைத்த செய்முறை இல்லை. செய்முறையை எழுதிக் கொடுத்ததும் செய்தார்கள். குறுக்கு வெட்டில் தோல் அணுக்கள் மேல்முகத்திலேயே பாய் விரித்தாற்போல் படிந்திருந்தால் நல்லது. இழைகளுக்கு இடையே கொத்துக் கொத்தாகத் தெரிந்தால் துளையின் அளவைக் குறைக்க வேண்டும்.

கிருமி நீக்கம். நீராவி 121 டிகிரி, பாலிகேப்ரோலாக்டோனுக்கு ஆகவே ஆகாது. காமாக் கதிர் 25 கிலோகிரே சங்கிலிகளை வெட்டும், சில இடங்களில் பிணைக்கவும் செய்யும். மூலக்கூற்று எடையை முன்னும் பின்னும் அளக்காமல் நம்ப வேண்டாம். எத்திலீன் ஆக்சைடு வாயு பொருந்தும். நிரந்தரப் பதியத்துக்கு அதன் எச்ச வரம்பு முதல் 24 மணியில் 4 மில்லிகிராம், முதல் 30 நாளில் 60 மில்லிகிராம். இரண்டில் கனமான சிலிக்கோன் வட்டின் மொத்த எடையே 7 மில்லிகிராம் சுற்றில்தான் என்பதால் வரம்பைத் தாண்டுவது கடினம். ஆனால் உயிரணுச் சோதனைக்கு அந்த வரம்பு தெரியாது: வாயுவை உறிஞ்சி வைத்திருக்கும் சிலிக்கோனைக் காற்றாட விடாமல் நேரே சாறெடுத்தால் அணுக்கள் சாகும், பழி பாலிமர்மேல் விழும்.

வேதிக் கூறாய்வில்தான் சிறிய சாதனம் என்பது முதல்முறையாக நமக்குச் சாதகமாகிறது. ஐஎஸ்ஓ 10993-18 முறைப்படி, எந்த அளவுக்கு மேல் தெரியும் வேதிப்பொருளை அடையாளம் காண வேண்டும் என்று ஒரு வாசல் கணக்கிடுவார்கள். மிகக் கண்டிப்பான எல்லையான நாளுக்கு 1.5 மைக்ரோகிராம் என்பதை எடுத்துக்கொள்வோம். 47 வட்டுகளை 10 மி.லி.யில் சாறெடுத்து, நோயாளிக்கு ஒரு வட்டு என்றால்: 1.5 பெருக்கல் 47 வகுத்தல் 10. மில்லிலிட்டருக்கு 7 மைக்ரோகிராம். கருவியின் நிச்சயமின்மைக்காக 2ஆல் வகுத்தால் 3.5. ஆய்வகம் முதலில் தந்த அறிக்கையில் பெரிய சாதனங்களுக்குப் பயன்படுத்தும் வாசலை அப்படியே வைத்திருந்தார்கள். அதைவிடப் பல மடங்கு கீழே. விளைவு, கருவியின் வரைபடத்தில் பெயர் தெரியாத சிறு சிறு முகடுகள் பக்கம் பக்கமாக. ஒவ்வொன்றுக்கும் நச்சியல் விளக்கம் எழுத உட்கார்ந்தால் செலவு எங்கேயோ போய்விடும். கணக்கைச் சுட்டிக்காட்டியதும் திருத்திக் கொடுத்தார்கள். சுட்டிக்காட்ட வேண்டி வந்ததே ஒரு குறைதான்.

கரைப்பான் தேர்விலும் கவனம் வேண்டும். டைகுளோரோமீத்தேன் பாலிகேப்ரோலாக்டோனையே கரைத்துவிடும், ஹெக்சேன் கரைக்காது. சிலிக்கோனை ஹெக்சேன் ஊதிப் பருக்க வைத்து, உள்ளே இருக்கும் டி4, டி5, டி6 வளையச் சிலாக்சேன்களை வெளியே கொண்டுவரும். அவைதான் தேட வேண்டியவை. பாலிகேப்ரோலாக்டோனில் தேட வேண்டியது வெள்ளீயம். அதன் வினையூக்கியே பெரும்பாலும் வெள்ளீய ஆக்டோயேட்.

ஒவ்வாமை, எரிச்சல், காய்ச்சல் தூண்டல், மரபணுச் சோதனைகள் எல்லாம் வழக்கப்படி ஒழுங்காக நடந்தன; சொல்ல அதிகமில்லை. எரிச்சலுக்கு முயலை எடுக்கும் முன், வளர்த்த மனிதத் தோலில் செய்யும் முறை ஐஎஸ்ஓ 10993-23இல் 2021 முதல் இருக்கிறது என்பதை நினைவூட்டுங்கள்.

தோலடிப் பதியச் சோதனையில் இரண்டு வட்டுகள் காணாமல் போயின. எலியின் முதுகுத் தோலுக்குக் கீழே 0.1 மி.மீ. வட்டு மடங்கி, நகர்ந்து, வெட்டி எடுக்கும் நாளில் தேடினால் கிடைக்காது. விளிம்பைச் சுற்றி நான்கு இடங்களில் கரையாத நைலான் தையல் போட்டு அடையாளம் வைக்க வேண்டும். கிடைத்த வட்டுகளும் கண்ணாடித் தகட்டில் வெறும் வெள்ளை இடைவெளியாகத்தான் தெரிந்தன. திசுவை மெழுகில் ஏற்றும் 60 டிகிரியில் பாலிகேப்ரோலாக்டோன் உருகி ஓடிவிடுகிறது. அதன் கூடவே, அந்நியப் பொருளை எதிர்க்க இழைகளைச் சுற்றிப் படிந்திருக்கும் பேரணுக்களின் அமைப்பும் குலைகிறது. மதிப்பெண் போடும் நோயியலாளர் பார்ப்பது எச்சத்தைத்தான். மெழுகு வேண்டாம், உறைநிலை வெட்டு அல்லது குளிர் பிசின் வெட்டு என்று முதல் நாளே எழுதிக் கேளுங்கள். சிலிக்கோனுக்கும் பிசின்தான் நல்லது. மெழுகில் அது கத்திக்கு முன்னால் பிய்ந்து வருகிறது.

தோலடி ஒன்று, நடுக்காது வேறொன்று. ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் ஈரம், அவ்வப்போது சளி, நீந்துகிறவர்களுக்குக் குளத்து நீர். ஆகவே காதிலேயே ஒரு சோதனை வேண்டும். எலி, கினிப்பன்றி, சின்சில்லா மூன்றையும் பயன்படுத்துகிறார்கள். காதின் பருமனில் மனிதனுக்கு அருகில் வருவது சின்சில்லா. ஆய்வகத்தின் முன்மொழிவு இப்படி இருந்தது: எலியின் செவிப்பறையில் ஊசியால் துளையிட்டு, அன்றே வட்டை வைத்து, நான்கு வாரம் கழித்துப் பார்ப்பது. இதை ஏற்காதீர்கள். எலியின் புதுத் துளை, எதுவும் வைக்காமல் விட்டாலே பத்து நாளுக்குள் தானாக மூடிக்கொள்ளும். நான்கு வாரம் கழித்து மூடியிருக்கிறது என்றால் பெருமை எலிக்கு. துளையின் விளிம்பு ஆறாமல் தடித்து நிற்கும் நாள்பட்ட துளையை முதலில் உருவாக்கி, வாரக்கணக்கில் காத்திருந்து உறுதி செய்த பிறகே வட்டை வைக்க வேண்டும். ஒட்டு வைக்காத காது ஒரு பிரிவு, விலங்கின் சொந்தத் தசையுறையை வைத்த காது இன்னொரு பிரிவு. மருத்துவர் இன்று கையில் எடுப்பது நோயாளியின் நெற்றிப்பொட்டுத் தசையுறையைத்தானே. அதோடு ஒப்பிடாத பாலிமரை அவர் ஏன் தொட வேண்டும்? கடைசியில் வெட்டிப் பார்க்க, காதெலும்பை ஈடிடிஏ கரைசலில் வைத்துச் சுண்ணாம்பு நீக்கவே வாரக்கணக்கில் ஆகும். அமிலத்தில் அவசரப்படுத்தினால் பறை சிதையும். கால அட்டவணையில் இதற்கு இடம் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். எங்களுக்குத் தந்த அட்டவணையில் விடவில்லை.

தொகுப்பின் மிகப் பெரிய ஓட்டை, செவிநச்சு, அதாவது உட்காதைக் கெடுக்கும் நச்சு. ஐஎஸ்ஓ 10993 வரிசையில் உட்காதுக்கென்று தனிப் பகுதி கிடையாது. அதனால் பட்டியலிலும் இல்லை. ஆனால் நடுக்காதில் வைத்த பொருளிலிருந்து கசிவது, வட்டச் சாளரத்தின் மெல்லிய சவ்வு வழியாக, உட்காதின் கேட்பு உறுப்பான காக்லியாவுக்குள் போகும். வெளித்தோலுக்குப் பாதுகாப்பான குளோர்ஹெக்சிடின் உட்காதைக் கெடுக்கும் என்பது காது மருத்துவர்களுக்குத் தெரிந்த பாடம். மனிதனில் ஒலியை உணரும் மயிரணு செத்தால் திரும்ப முளைக்காது.

இதற்கு இரண்டு படி. முதலில் எச்இஐ-ஓசி1 என்ற சுண்டெலிக் காக்லியா அணுக்களில் அதே சாற்றை ஊற்றிப் பார்ப்பது. இவை 33 டிகிரியிலும் 10 விழுக்காடு கரியமில வாயுவிலும் வளர்பவை. எல்929 இருக்கும் 37 டிகிரி அடைகாப்பானிலேயே வைத்துவிட்டால் ஒப்பீட்டு அணுக்களே சோர்ந்துபோகும். தனி அடைகாப்பான் இருக்கிறதா என்று கேளுங்கள். அடுத்து கினிப்பன்றியின் நடுக்காதில் பொருளை வைத்து, மூளைத்தண்டின் கேட்பு மின்னலையை முன்னும் பின்னும் அளப்பது. இங்கே தவறாகப் படிக்க வாய்ப்பு அதிகம். நடுக்காதில் எதை வைத்தாலும், கொஞ்சம் நீர் கோத்தாலும், ஒலி கடந்து போவது குறைந்து, கேட்கத் தேவையான குறைந்தபட்ச ஒலியளவு உயரும். அது கடத்தல் இழப்பு, நச்சல்ல. எலும்பு வழி ஒலியிலும் அளந்து, கடைசியில் காக்லியாவைப் பிரித்து ஃபாலாய்டின் சாயமேற்றி மயிரணுக்களை எண்ணினால்தான் முடிவு சொல்ல முடியும். ஆய்வகத்தில் இந்த வசதி இல்லை. இல்லை என்று நேராகச் சொன்னார்கள், அதற்கு நன்றி. வேறோர் ஆய்வுக் குழுவிடம் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று.

தாள் வேலை பற்றி. ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரமும் ஜிஎல்பி (நல்ல ஆய்வக நடைமுறை) இணக்கமும் ஒன்றல்ல. முன்னது அளவீட்டுத் திறமைக்கு, பின்னது ஆய்வு நடத்தப்பட்ட விதத்துக்கு. இங்கே இரண்டையும் பார்ப்பது சிங்கப்பூர் அங்கீகார மன்றம். 2010 முதல் ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் பரஸ்பரத் தரவு ஏற்பு முறையில், அதாவது ஒரு நாட்டின் ஜிஎல்பி ஆய்வை மற்ற நாடுகளும் ஏற்கும் முறையில், சிங்கப்பூரும் இருக்கிறது. விலைப்பட்டியலில் சில சோதனைகளுக்கு மட்டும் ஜிஎல்பி என்று போட்டிருந்தார்கள். பெரிய விலங்குச் சோதனைகள் துணை ஒப்பந்தத்தில் வெளிநாட்டுக் கூடத்துக்குப் போகின்றன. அந்தக் கூடத்தின் சான்றிதழ் தனி, அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இங்கேயே செய்வதானால் விலங்குப் பராமரிப்புக் குழுவின் ஒப்புதலுக்கான நாள்களையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையத்தின் வகைப்பாட்டில் (ஏ முதல் டி வரை ஆபத்து கூடும்), கரையாமல் நிற்கும் சிலிக்கோன் வட்டு நீண்டகாலப் பதியம் என்ற முறையில் சி வகுப்பில் வரும். உடலுக்குள் கரைந்து மறையும் பாலிகேப்ரோலாக்டோன் வட்டு டி வகுப்பு. கரைவது நோயாளிக்கு வசதி, கோப்பில் சுமை: சிதைவுப் பொருள்கள் என்னென்ன, எத்தனை நாளில் என்று காட்ட வேண்டும். பாலிகேப்ரோலாக்டோன் முழுதும் கரைய இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். 13 வாரத் தோலடி அறிக்கையில் பொருள் இன்னும் முழுசாகவே இருக்கும். அது எதையும் நிரூபிக்கவில்லை என்று மதிப்பாய்வாளர் கேட்பார், கேட்க வேண்டும். முன்கூட்டியே சிதைய வைத்த வட்டுகளையும் ஒரு பிரிவாக அனுப்புவது இதற்கு ஒரு வழி.

பொதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பையை உடனே பிரித்தால் வட்டின்மேல் முத்து முத்தாக நீர் கோக்கும். பிஎல்ஜிஏ அந்த நிமிடத்திலிருந்து சிதையத் தொடங்கும். அலுமினியப் பை, உள்ளே ஈரமுறிஞ்சி, மேலே 'அறை வெப்பத்துக்கு வரும் வரை பிரிக்க வேண்டாம்' என்ற சீட்டு. நண்பகலில் மோட்டார் சைக்கிள் பெட்டியில் போகும் பொதிக்குள் வெப்பப் பதிவுச் சில்லு ஒன்றையும் போடுங்கள். வரவேற்பில் அந்தச் சில்லைப் படித்து, பையைப் படமெடுத்து, எடை போட்டு, தொகுதி எண்ணைச் சரிபார்த்த பிறகே கையெழுத்திட்டார்கள். இந்த ஆய்வகத்தை மறுபடி நாடுவோம் என்றால் அந்தப் பத்து நிமிடமே பெரிய காரணம்.

வரிசை: முதலில் கரைப்பான் எச்சமும் எம்டிடியும். அவை தேறிய பிறகு வேதிக் கூறாய்வும் எச்இஐ-ஓசி1 சோதனையும். அவையும் தேறினால்தான் விலங்கு. ஆய்வகம் எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் தள்ளுபடி தருவதாகச் சொல்லும். தோற்கப்போகும் பொருளுக்காக விலங்குகளைக் கொல்லும் தள்ளுபடி அது, வேண்டாம்.

ஒரே தொகுதியில் குறைந்தது 400 வட்டுகள் செய்து வையுங்கள். மூன்று வகைச் சாறு, திரும்பச் செய்யும் சோதனை, மிதந்து வீணாகும் குழாய் எல்லாம் போக எஞ்சுவதைத் திருப்பித் தரும்படி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். எழுதாவிட்டால் ஆய்வு முடிந்ததும் கழிவில் போய்விடும். வந்ததும் தொகுதி எண்ணோடு, நைட்ரஜன் நிரப்பிய பையில், கழித்தல் 20 டிகிரியில் வையுங்கள். அடுத்த ஆண்டு மதிப்பாய்வாளர் ஏதோ ஒரு முகட்டைக் காட்டி இது என்ன என்று கேட்கும்போது, அதே தொகுதியின் வட்டைத்தான் மறுபடி சாறெடுக்க வேண்டியிருக்கும்.